பேரிங் டப்பாவில் ஐம்பத்திரண்டு மாத்திரை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றோடு தொண்ணூற்றொரு நாள். என் இடது கிட்னி என்னைவிட்டுப் போய், என் அக்கா மகளின் வயிற்றில் குடியேறித் தொண்ணூற்றொரு நாள். அதை வெளியே எடுத்த டாக்டர் கையில் வைத்துப் பார்த்து அசந்துபோனாராம். "இருபது வருஷத்துல இப்படி ஒரு சரக்கு பார்த்ததில்ல" என்றாராம். தராசில் போட்டால் ஒரு கிலோவாம். நான் மயக்கத்தில் கிடந்ததால் காதால் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்லியிருப்பார்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா இந்த நோட்டைக் கொடுத்து, குடித்த தண்ணீர், போன சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் தினமும் எழுதச் சொன்னார். மூன்று மாதம் எழுதியதில் கை காய்த்துவிட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் அனுப்பிவிட்டாலும், எனக்கும் நாலு வரி எழுத வரும். மீதிப் பக்கங்களில் நம் சரித்திரம்.

பட்டறையில் இன்று ஒரு லாரி இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தேன். சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆறுதலுக்குச் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். "வலிக்கலையாண்ணே?" என்றார். "பிஸ்டன் ரிங் மாத்துற மாதிரிதான். மாட்டுறவன் கையில இருக்கு" என்றேன். சட்டென்று தன் இன்ஜினைத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் இதை வீட்டில் சொன்னபோது அக்கா மகள் காற்றில் விரலால் ஒரு சுழி போட்டாள். அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலை அவளுக்கு. சிவப்புப் பேனா இல்லாமல் பிறக்கவே இல்லை. நான் அவளைத் 'திருத்தி' என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒரு கிலோவா மாமா? நூத்தம்பது கிராம். டாக்டர் என்கிட்டயே சொன்னார். சுழிச்சாச்சு."

"என் கதையில ஒரு வரிகூட நீ விட்டு வைக்க மாட்டியா?"

"சரியா இருந்தா தொட மாட்டேன். சரியான பக்கத்துல ஒரு புள்ளி வைக்கிறதுகூடத் தப்பு. அதுதான் எங்க தொழில்."

சிரித்துவிட்டு எழுந்து போய் வாந்தி எடுத்தாள்.

தண்ணீர் மூன்று லிட்டர். அழுத்தம் 130/80.

பிப்ரவரி 13, வியாழன்

டாக்டரிடம் போனோம். எனக்கு மனசே சரியில்லை.

கிட்னி வேலை செய்வது பிரமாதம். அதில் ஒரு குறையும் சொல்ல அவரால் முடியவில்லை. ஆனால் திருத்தியின் ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை, ஆளும் இளைத்துவிட்டாள். அந்த இளஞ்சிவப்பு மாத்திரையால்கூட இருக்கலாம் என்கிறார். தினம் ரெண்டு, என் கட்டைவிரல் நகம் அளவு. "அப்ப நிறுத்திடலாமே" என்றேன்.

"கூடாது. மே கடைசி வரைக்கும் கட்டாயம். உங்க கிட்னியோட ஒரு வைரஸும் சேர்ந்து போயிருக்கு. அதுக்குத்தான் இந்தக் காவல்."

சைட்டோமெகலோ வைரஸாம். பெயரே ஒரு சரக்கு ரயில் நீளம். எனக்குச் சின்ன வயசிலேயே சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போயிருக்குமாம். போகாமல் உள்ளேயே தூங்குகிறதாம். ஊரில் பாதிப்பேர் உடம்பில் இருக்கிறதாம், ஒன்றும் செய்யாதாம். திருத்தியின் உடம்பு அதை இதுவரை பார்த்ததே இல்லை. இப்போது மாற்றுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியையும் மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் அது விழித்துக்கொண்டால் ஆபத்தாம். ஆபரேஷனுக்கு முன்பும் இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்களாம். நான் எங்கே படித்தேன்? அன்றைக்கு எனக்கு மாலை போடாத குறை.

என் உடம்பில் கிருமியா? ஒரு நாள் தலைவலி என்று படுத்தவனா நான்? பிள்ளைக்கு உயிரையே அறுத்துக் கொடுத்தவனைப் பார்த்து, கூடவே குப்பையும் கொடுத்தாய் என்றால் யாருக்குப் பொறுக்கும்?

"அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பார்க்கலாம். நீங்களா எதையும் குறைக்காதீங்க" என்று என்னைப் பார்த்தே சொன்னார். என் மூஞ்சியில் என்ன எழுதி ஒட்டியிருந்ததோ.

வரும் வழியில் திருத்தி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "என்ன மாத்திரை கொடுத்தாலும் முழுங்கறேன் மாமா. மறுபடி அந்த மெஷினுக்கு மட்டும் போக மாட்டேன்." டயாலிசிஸ் மெஷின். மூன்று வருஷம், வாரத்துக்கு மூன்று தடவை. இடது கையில் ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடக்கிறது. அதை மறைக்க எப்போதும் முழுக்கை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஞாயிறுதோறும் அவளுடைய மாத்திரைப் பெட்டியை நான்தான் நிரப்புகிறேன். ஏழு நாள், நாலு வேளை, இருபத்தெட்டு அறை. ஆபரேஷன் ஆன புதிதில் அவளுக்குக் கை நடுங்கியது. நான் எடுத்துக்கொண்டேன். இன்ஜினின் ஆயிரம் திருகைக் கலக்காமல் வைக்கிறவனுக்கு இது எம்மாத்திரம்.

இன்று ஒரு யோசனை. யோசனை என்றால் சாதாரணமானதல்ல.

புதிதாகக் கட்டிய இன்ஜினை முதலில் மெதுவாகத்தான் ஓட்டுவோம். ரன்னிங்-இன். ரிங் உட்காருகிற வரைக்கும் தனி எண்ணெய், தனிக் கவனம். உட்கார்ந்துவிட்டதா, அந்த எண்ணெயை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் ஓட்டுகிறவன் மடையன். கிட்னி போட்டுத் தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது. ரிங் உட்கார்ந்தாயிற்று. இன்னும் எதற்குக் காவல்? ஒரேயடியாக நிறுத்த நான் என்ன முட்டாளா? ஒரு நாள் விட்டு ஒரு நாள். கிட்னி தள்ளாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைகளில் கை வைக்கவே மாட்டேன்.

திருத்தியிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். எண்ணி விழுங்குகிறவள். அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை மருந்துக் கடையில் கிடைத்தது, அளவும் ஏறக்குறைய அதே. மிச்சமாகிற நிஜ மாத்திரைகளைப் பட்டறையில் பழைய பேரிங் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியனாம். நீ முழு வைத்தியனாவே ஆயிட்டியாடா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 3, திங்கள்

தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. வாந்தி இல்லை. நான் சொன்னேனா இல்லையா!

மார்ச் 10, திங்கள்

திருத்தி வேலைக்குப் போனாள். அச்சகத்தில் அவளுடைய நாற்காலியை யாரும் எடுக்காமல் வைத்திருந்தார்களாம். முதல் நாளே முந்நூறு பிழை பிடித்தாளாம். (அவள் சொன்னது முப்பது.)

மார்ச் 20, வியாழன்

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். வெள்ளை அணு ஏறியிருக்கிறது. "நல்லது, உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு" என்றார். மனசுக்குள் மத்தளம். ஐயா, பழகியது உடம்பல்ல, இந்தப் பட்டறைக்காரனின் கைவேலை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பெரிய படிப்புக்காரர், பாவம், மனசு நோகும்.

யாரிடமும் சொல்ல முடியாத வெற்றி. இந்த நோட்டுக்காவது தெரியட்டும்.

ஏப்ரல் 5, சனி

திருத்தி மதியமே திரும்பிவிட்டாள். லேசாக மேல் சுடுகிறது. வெயில்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில் இல்லை. நூற்றிரண்டு. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, அதில் ரத்தம் வேறு. அக்காவும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி ஆட்டோவில் ஏற்றினோம். எடையே இல்லை அவளுக்கு. வார்டில் சேர்த்தாயிற்று.

ஏப்ரல் 10, வியாழன்

அதேதான். அந்தச் சரக்கு ரயில் வைரஸ். ரத்தத்தில் லட்சக்கணக்கில். குடலில் புண்.

டாக்டர் கட்டிலோரம் நின்று கேட்டார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா? நடுவுல விட்டிருந்தா சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் திருத்தி சொன்னாள். பேசக்கூடச் சக்தி இல்லை அவளுக்கு. "ஒரு வேளைகூட விடல டாக்டர். எங்க மாமாதான் பெட்டி நிரப்புவார். கதைதான் விடுவாரு, மாத்திரை விட மாட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் என் தோளைத் தட்டினார். "இப்படி ஒரு ஆள் எல்லா வீட்டுலயும் இருந்தா எங்க வேலை பாதி குறையும்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்.

அந்த இளஞ்சிவப்பு மாத்திரையின் குடும்பத்து மருந்தையே இனி நரம்பு வழியாக ஏற்றப் போகிறார்கள், காலையும் மாலையும். ரெண்டு வாரத்தில் அடங்கிவிடுமாம். அடங்கிவிட்டால் எதற்குச் சொல்ல வேண்டும்? அடங்கத்தான் போகிறது. என் கிட்னி அது.

ஏப்ரல் 12, சனி

ஜுரம் குறையவில்லை. தண்ணீர் குடித்தேனா, நினைவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

பட்டறையில் ஒருத்தர் தழும்பைக் காட்டச் சொன்னார். கையில் எண்ணெய் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஒரு வாரம் ஏற்றியாயிற்று. கிருமியின் எண்ணிக்கை குறையவில்லை, ஏறியிருக்கிறது. டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு இப்படி ஆகாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லேப்பில் தப்பா என்று பார்க்க மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். என் பொய்க்கு அவள் கையில் குத்துகிறார்கள்.

அக்காவுக்குக் கோபம். "மருந்துக் கடையில டூப்ளிகேட் குடுத்துட்டாங்களோ என்னவோ. என் தம்பி கண்ணுல எண்ணெய் விட்டுப் பார்த்தவன் டாக்டர்!" என்று வராந்தாவில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

சொல்லிடுடா. சொல்லிடு. வாய்தானே, எத்தனை கதை விட்டிருக்கு, ஒரு நிஜத்தை விட்டா செத்தா போயிடும்?

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன். பேரிங் டப்பாவை எடுத்துப் போய் டாக்டரின் மேஜை மேல் கவிழ்த்தேன். ஐம்பத்திரண்டு. நாள் கணக்கில் இருபத்தாறு. கிரீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார்.

"முழுசா நிறுத்தியிருந்தாக்கூட இவ்வளவு சிக்கல் வந்திருக்காது" என்றார். "பாதி பாதியா கொடுத்ததுதான் வினை. கிருமி சாகிற அளவுக்கு மருந்து இல்ல, பார்த்துப் பழகிக்கிற அளவுக்கு மட்டும் இருந்துச்சு. இப்ப அந்த மருந்தையே அது மதிக்கல. இது முதல் நாளே தெரிஞ்சிருந்தா அதுக்கான டெஸ்ட்டை அன்னைக்கே அனுப்பியிருப்பேன்."

ஒன்பது நாள். தோளைத் தட்டிய அந்த வியாழனிலிருந்து ஒன்பது நாள்.

"வேற மருந்து இருக்கா?"

"இருக்கு. ஆனா அது கிட்னியை அடிக்கும். இல்லாட்டி இந்தப் பொண்ணை இழந்துடுவோம்."

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். கையை உருவிக்கொண்டார். "இப்ப அவங்க இருக்கிற நிலையில நான் ஆரம்பிக்கல. தேறினதும் நீங்க சொல்லணும். நான் சொல்றதைவிட அதுதான் சரி."

எழுந்து வரும்போது மாத்திரைகளைத் திருப்பித் தரவா என்று கேட்பது போல் டப்பாவைப் பார்த்தார். நான் நிற்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று ஞாயிறு. நிரப்பப் பெட்டி இல்லை. வீட்டில் அது காலியாகக் கிடக்கிறது.

மே 4, ஞாயிறு

புது மருந்து. ஒரு நாளைக்குப் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. உதடு மரத்துப் போகிறது என்கிறாள், விரல் இழுக்கிறது. வாயெல்லாம் புண். கிருமி குறைகிறது. கிட்னியும் குறைகிறது. ரெண்டும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து வருகிறது. கிருமியின் கணக்கு இறங்கினால் நல்லது, கிட்னி வடிகட்டாமல் விட்ட உப்பின் கணக்கு ஏறினால் கெட்டது. எனக்கு இப்போது அந்தத் தாளைப் படிக்க வரும். அப்போது வரவில்லை.

மே 19, திங்கள்

கிருமி கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. ஜுரம் இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் கிட்னிதாண்டா தாங்குச்சு."

இல்லை அக்கா.

மே 27, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். காலும் முகமும் வீங்கியிருக்கிறது. உடம்பே கிருமியோடு சண்டை போடட்டும் என்று எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்தைக் குறைத்திருந்தார்கள். சண்டை பழகிய உடம்பு இப்போது கிட்னியையே அந்நியன் என்று கண்டுபிடித்துத் தள்ளுகிறதாம். ஒரு பக்கம் மருந்து அடித்தது, மறுபக்கம் உடம்பு தள்ளுகிறது. நடுவில் என் சதை.

கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "மாமா, பழகிப்போன கிருமின்னு நர்ஸ் பேசிக்கிறாங்க. எப்படிப் பழகும்? நாமதான் ஒரு நாள்கூட விடலையே?"

ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்று எழுந்து போனேன். அதைக் கழற்றி மாட்டினேன். நன்றாக இருந்த கொக்கி.

ஜூன் 12, வியாழன்

இன்று அவளிடம் சொல்லத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாறாக, லாரியோடு மலைச்சரிவில் உருண்டும் உயிரோடு வந்த கதையைச் சொன்னேன். அது நான் இல்லை, வேறொருத்தர், அதுவும் மலை இல்லை, வாய்க்கால். அவள் சுழி போடவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லு மாமா, நல்லா இருக்கு" என்றாள். இதற்கு அவள் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

ஜூன் 30, திங்கள்

சிறுநீர் கால் டம்ளர். அவளுடையது.

ஜூலை 7, திங்கள்

மறுபடி மெஷின்.

அவளே சட்டைக் கையை மடித்து, அந்தக் கயிறு நரம்பை நீட்டினாள். மூன்று வருஷமாகப் பழக்கமான நர்ஸ். "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒரு சின்ன லீவு. முடிஞ்சிடுச்சு" என்றாள் திருத்தி. ஊசி ஏறும்போது சுவரைப் பார்த்தாள். போன தடவை போல என் கையைத் தேடவில்லை. நானும் நீட்டவில்லை. எந்தக் கையை நீட்டுவது?

நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். அவருடைய மகனும் உள்ளே. "உங்களுக்கு என்ன உறவு?" என்றார். "மாமா" என்றேன். "யாராவது கிட்னி குடுக்க முடியாதா?" என்றார். கை தானாகச் சட்டை நுனிக்குப் போனது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"ஒருத்தர் குடுத்தார். நிக்கல."

"பாவம், குடுத்தவர் எவ்வளவு நொந்துபோயிருப்பார்!"

டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

மாத்திரைப் பெட்டியை நிரப்ப உட்கார்ந்தேன். மெஷினுக்குப் போகிறவர்களுக்கும் மாத்திரை உண்டு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை எண்ணினேன். திருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மாமா, புதுசா இவ்வளவு நேரம்?"

வாயால் எனக்கு நிஜம் வராது. ஐம்பத்து நாலு வருஷப் பழக்கம். வாயைத் திறந்தால் கதைதான் வரும், பாதியில் அழகு பண்ண ஆரம்பித்துவிடுவேன், அழுகையும் சேர்த்துக்கொள்வேன், அவளே என்னைத் தேற்றும்படி ஆகிவிடும். அது மட்டும் நடக்கக் கூடாது.

இந்த நோட்டில் மட்டும்தான் எல்லாம் இருக்கிறது. பொய்யும் இருக்கிறது, நிஜமும் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நோட்டை அவளுடைய மேஜையில் வைத்துவிட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டேன். இதை ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன். அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம். பட்டறை பூட்டியிருக்கிறது, வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நோட்டு திரும்பி வந்தது. அவள் தரவில்லை. அக்கா கொண்டுவந்து என் கட்டிலில் போட்டாள். ஏழு நாளாக என்னிடம் பேசவில்லை. மெஷினுக்கு இப்போது அக்காதான் கூடப் போகிறாள். மாத்திரைப் பெட்டி திருத்தியின் அலமாரிக்குப் போய்விட்டது, அவளே நிரப்புகிறாள். என் தட்டு மட்டும் வேளைக்கு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம்தான் பிரித்துப் பார்த்தேன்.

முதல் பக்கத்திலிருந்தே சிவப்பு மை. 'ஒரு கிலோ'வைச் சுழித்து ஓரத்தில் '150 கிராம்'. 'இருபது வருஷத்துல' என்று டாக்டர் சொன்னதாக எழுதியதற்குக் குறுக்கே ஒரு கோடு. 'ஒரு நாள் தலைவலி என்று படுத்தவனா'வுக்குப் பக்கத்தில் 'போன வருஷம் நாலு நாள்'. முந்நூறை அவள் முப்பதாகக்கூட விடவில்லை, இருபத்தெட்டு என்று போட்டிருக்கிறாள். மலைச்சரிவு லாரிக்கு ஒரு கேள்விக்குறி. எப்போதும் போல ஒன்றுவிடாமல், பொறுமையாக, கை நடுங்காமல் பார்த்திருக்கிறாள். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்புகூட வந்தது. கடவுளே, சிரித்தேன்.

அப்புறம் பிப்ரவரி 16. தனி எண்ணெய், சத்து மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஏப்ரல் 10, நான் தலையை ஆட்டிய பக்கம். ஒன்றுமில்லை. ஏப்ரல் 19, ஐம்பத்திரண்டு, இருபத்தாறு, ஒன்பது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், பேனா நுனி பட்ட தடமாவது இருக்குமா என்று. சுத்தமாக இருக்கிறது.

எங்காவது ஒரு சுழி போட்டிருக்கக் கூடாதா, திருத்தி. ஒரே ஒரு சுழி.

தண்ணீர் இரண்டு லிட்டர். அழுத்தம் 150/90.